நீர்க்கட்டி: ஒரு சொல்லுக்குள் நான்கு நிலைமைகள்

"நீர்க்கட்டி இருக்குன்னு சொல்லிட்டாங்கம்மா." குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று போனில் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். மறுமுனையிலிருந்து வரும் கேள்வியும் அநேகமாக ஒன்றே: "ஐயோ, ஆபரேஷன் பண்ணணுமாமா?" கட்டி என்று காதில் விழுந்தால் கத்தி நினைவுக்கு வருவது இயல்பு. அந்தப் பயத்தில் பாதியைக் கொடுப்பது இந்தச் சொல் என்பதால், அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கட்டு என்ற வினையிலிருந்து வந்தது கட்டி. இறுகித் திரண்டு நிற்பதெல்லாம் கட்டிதான்: வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி, கட்டித் தயிர். உடம்பில் வரும் சீழ்க்கட்டிக்கும் புற்றுநோய்க் கட்டிக்கும் அதே சொல்தான். மருத்துவர் எழுதும் 'சிஸ்ட்' வேறு இடத்திலிருந்து வருகிறது. கிரேக்கத்தில் 'கிஸ்டிஸ்' என்றால் பை, சிறுநீர்ப்பை. சிறுநீர்ப்பை அழற்சிக்கு 'சிஸ்டைட்டிஸ்' என்று பெயர் வந்ததும் அங்கிருந்துதான். ஆக, சிஸ்ட் என்பது ஒரு பை. மெல்லிய சுவர், உள்ளே நீரோ இரத்தமோ கொழுப்போ இருக்கும். தமிழில் முன்னால் 'நீர்' சேர்த்துப் பொருளை ஓரளவு காப்பாற்றியிருக்கிறோம். ஆனாலும் மனதில் தங்குவது பின்பாதிதான்.

பை இருக்கும் உறுப்புக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அண்டகம், இலங்கையில் சூலகம், ஆஸ்பத்திரிகளிலும் பத்திரிகைகளிலும் சினைப்பை. அண்டம் வடமொழி, முட்டை என்று பொருள். ஆனால் ஊர்ப்பேச்சில் அது ஆணின் விதையையும் குறிக்கும். ஐரோப்பாவிலும் 17ஆம் நூற்றாண்டு வரை இந்த உறுப்பைப் 'பெண்ணின் விதை' என்றுதான் அழைத்தார்கள். முட்டையைக் குறிக்கும் லத்தீன் 'ஓவம்' என்ற சொல்லிலிருந்து 'ஓவரி' வந்து நிலைத்தது அப்புறம்தான். சினை என்றால் பழந்தமிழில் கிளை, உறுப்பு. இலக்கணத்தில் படித்த சினைப்பெயர் அதுதான். முட்டை, கரு என்ற பொருளில் மீன் சினை, சினைமாடு என்று இன்றும் புழங்குகிறது. சூல் என்பதும் பழைய சொல்தான். நீர் நிரம்பிய கார்மேகத்தைச் சங்கப் புலவர்கள் 'கமஞ்சூல்' கொண்டதாகப் பாடினார்கள். பூவின் சூலகமும் பெண்ணின் சூலகமும் ஒரே பெயரில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 'சினைப்பை நீர்ப்பை' என்றால் இரண்டு பை மோதுகிறது. 'சூலக நீர்ப்பை' என்றால் மோதாது. சிஸ்டுக்கு நேரான தமிழ் அதுதான் என்பேன்.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. நம் ஊரில் நீர்க்கட்டி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி சிஸ்டே கிடையாது.

பிசிஓடி, பிசிஓஎஸ் என்று ரிப்போர்ட்டில் வருவதைத்தான் சொல்கிறேன். முதல் மூன்று எழுத்தும் 'பாலிசிஸ்டிக் ஓவரி', அதாவது பல சிஸ்ட் உள்ள சூலகம் என்பதன் சுருக்கம். இரண்டும் அநேகமாக ஒன்றையே குறிப்பவை. முன்னதில் கடைசி எழுத்து 'நோய்', பின்னதில் 'நோய்க்குறித் தொகுப்பு'. உலகளவில் மருத்துவர்கள் இப்போது பயன்படுத்துவது பின்னதை. ஸ்கேனில் சூலகத்தின் ஓரமாக வரிசைகட்டி நிற்கும் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள் ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் இருக்கும். முத்துமாலை என்று மருத்துவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவை 'ஃபாலிக்கிள்'கள். லத்தீனில் சிறு பை என்று பொருள். இலங்கைப் பாடநூல்கள் புடைப்பு என்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை இருக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் மாதந்தோறும் இப்படிச் சில கிளம்பும், அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து முட்டையை வெளிவிடும், மற்றவை சுருங்கிவிடும். பிசிஓஎஸ்-இல் ஆண்தன்மை ஹார்மோனும் இன்சுலினும் கூடுவதால் அந்த முந்துதல் நடப்பதில்லை. கிளம்பியவை பாதியில் அப்படியே நிற்கின்றன. ஆகவே இவை வெளியிலிருந்து வந்து ஒட்டிய கட்டிகள் அல்ல, முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகள். 'கட்டியைக் கரைக்கணும்' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. அந்தப் பெண் எதற்காகக் காத்திருக்கிறாளோ அதுவே அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு மூன்றரை நூற்றாண்டு வயது. டச்சு மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப் 1672இல் இந்தப் பைகளை விவரித்தபோது பையையே முட்டை என்று எண்ணினார். உள்ளே இருக்கும் உண்மையான முட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் 1827இல்தான் கண்டார், அதுவும் நாயில். மனித முட்டை சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், ஸ்கேனில் தெரியாது. 'முட்டை 18 எம்எம் வளர்ந்திருக்கு' என்று சொல்கிறார்களே, அது பையின் அளவு. பிறகு 1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெயினும் லெவெந்தாலும் மாதவிலக்கு நின்றுபோன 7 பெண்களின் பெருத்த சூலகங்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பார்த்த பைகளைச் சிஸ்ட் என்றே குறித்ததால், பெயரில் 'சிஸ்ட்' ஒட்டிக்கொண்டது. பெயர் தவறான இடத்தைச் சுட்டுகிறது, மாற்றுங்கள் என்று அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு 2012இல் பரிந்துரைத்தது. 2003இல் ரோட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி, முட்டை ஒழுங்காக வெளியாகாமை, ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் நிறைய ஃபாலிக்கிள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ். அதே அறிகுறிகளைத் தரும் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கோளாறுகள் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். ஸ்கேனில் வட்டங்கள் தெரிந்தன என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

அந்த ஆங்கிலப் பெயரை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் தவறும் கூடவே வரும். 'சூல் முதிராமை' என்று சொல்லிப் பார்க்கிறேன். குழந்தைப்பேறு சார்ந்த பாதியை இது சரியாகச் சொல்கிறது. சர்க்கரை, உடல் எடை, முகத்தில் முடி என்று நீளும் மறுபாதி இதில் அடங்காது. அதற்குப் பிசிஓஎஸ் என்றே இருக்கட்டும்.

தமிழில் கர்ப்பத்தைச் சொல்லும் சொற்களில் சில மாதவிலக்கு வராததை வைத்தே பிறந்தவை. 'முழுகாம இருக்கா' என்பார்கள். விலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கத்திலிருந்து வந்தது அது. 'நாள் தள்ளிப்போயிருக்கு' என்பதும் அப்படித்தான். சூல் முதிராமல் நிற்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போவதுதான் நோயின் முதல் அடையாளம். 45 நாள், 60 நாள் என்று தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் வீட்டில் பேச்சு மெல்ல மாறும், பப்பாளி ஒதுக்கப்படும். விடிகாலையில் யாரும் எழும்முன் அவள் குளியலறையில் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒற்றைக் கோடு. அடுத்த வாரமே ஏதாவது ஒரு கல்யாண வீட்டில், "என்னம்மா, விசேஷம் உண்டா?" கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் இந்தப் பெண்ணுக்கு மொழியே நம்பிக்கையையும் நோயையும் ஒரே சொல்லில் கட்டிக் கொடுத்திருக்கிறது. தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

இவர்களுக்கு, மாதவிலக்கு தொடங்கி 14ஆம் நாள் முட்டை வெளியாகும் என்ற கணக்கும் உதவாது. மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டை வெளியாகும் நாளைக் காட்டும் பட்டையும் ஏமாற்றலாம், ஏனென்றால் அது அளக்கும், முட்டை வெளியாவதைத் தூண்டும் எல்எச் ஹார்மோன் பிசிஓஎஸ்-இல் எப்போதுமே கூடியிருக்கலாம். ஆகவேதான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், அதாவது ஃபாலிகுலர் ஸ்டடி. உடல் எடை கூடியிருந்தால் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைவதே பலருக்கு முட்டை வெளியாவதைத் திரும்பக் கொண்டுவரும். ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால், 'உடம்பைக் குறை' என்ற ஒரே அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. முட்டையை முதிரவைக்க இன்று முதலில் தரப்படும் மாத்திரை லெட்ரோசோல். அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேரும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேரும் குழந்தை பெற்றார்கள். முடிவு 2014இல் வெளியானது. லேப்ராஸ்கோப்பியில் 'கட்டியை எடுத்துட்டாங்க' என்று சொல்வதும் பெரும்பாலும் சரியல்ல. அங்கே செய்வது சூலகத்தில் சில துளைகள் இடுவது, ஹார்மோன் சுரக்கும் திசுவைக் கொஞ்சம் குறைக்க. மருந்துக்கு மசியாதபோது மட்டும் யோசிக்க வேண்டியது அது. நாட்டு மருந்தாகக் கழற்சிக்காய்ப் பொடியை மிளகோடு சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டு சிகிச்சை ஒருசேர ஓடினால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

சரி, மற்ற மூன்று நிலைமைகள். இவைதான் உண்மையான சூலக நீர்ப்பைகள்.

முதலாவது, முட்டையை வெளிவிட வேண்டிய பை வெடிக்காமல் 3 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்து நிற்பது, அல்லது வெடித்த பிறகு மீண்டும் நீர் சேர்வது. இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் பெரும்பாலும் தானே வற்றிவிடும். குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கு இதன் தொல்லை வேறு மாதிரி. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேனில் இது தென்பட்டால் "இந்த மாசம் ரெஸ்ட்" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லைதான், ஆனால் ஒரு மாதம் போவது காத்திருப்பவர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது, சாக்லேட் சிஸ்ட். கருப்பையின் உள்வரித் திசு போன்றது சூலகத்தில் வளர்ந்து, மாதந்தோறும் கசியும் இரத்தம் உள்ளேயே தேங்கிப் பழுப்பேறுவது. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921இல் எழுதிய கட்டுரையிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. 'பழங்குருதிப் பை' என்று தமிழில் சொன்னால் உள்ளே இருப்பது இன்னதென்று விளங்கும். இதில் அறுவையா வேண்டாமா என்பது கடினமான முடிவு. பையை உரித்தெடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் நல்ல முட்டைகளும் சேர்ந்து போகலாம். அதனால் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் ஏஎம்எச் பரிசோதனை செய்து முட்டை இருப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது டெர்மாய்டு. பிறவியிலேயே தங்கிய செல்களிலிருந்து வளர்வது. உள்ளே முடி, கொழுப்பு, சிலசமயம் பல்கூட இருக்கும். கருத்தரிப்பதை இது பொதுவாகத் தடுக்காது, ஆனால் தானே கரையவும் கரையாது.

'வெடிப்பது' என்ற வினையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபாலிகுலர் ஸ்டடி அறையில் "முட்டை வெடிச்சிடுச்சு" என்றால் நல்ல செய்தி, அன்றும் மறுநாளும் சேர்ந்திருங்கள் என்று அர்த்தம். அதே வாயிலிருந்து "கட்டி வெடிச்சிடும்" என்று முன்பு கேட்டவள் இதையும் பயத்தோடுதான் கேட்பாள். முன்னதற்கு 'முட்டை வெளிவந்துவிட்டது' என்று செவிலியர்கள் சொல்லலாம், அதுதான் நடந்ததும். பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது: முறுக்கிக்கொள்வது. பை 5 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தால் அதன் எடையில் சூலகம் சுழன்று இரத்த ஓட்டம் நின்றுபோகும் அபாயம் கூடுகிறது. அடிவயிற்றில் ஒருபக்கமாகத் திடீரென்று தாங்கமுடியாத வலி, கூடவே வாந்தி வந்தால் மாதவிலக்கு வலி என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் சூலகத்தையும் அதிலுள்ள முட்டைகளையும் காப்பாற்றிவிட முடியும், எனவே அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை பொறுக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்ப வேண்டும்.