ஒரு சுடரை அடிவானம் வரை அனுப்புவது: 19-ஆம் நூற்றாண்டுக் கலங்கரை விளக்கம்

எண்ணெய் விளக்கின் சுடர் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிக்கும். அதன் பெரும்பகுதி வானத்துக்கும் கோபுரத்தின் அடிக்கும் போய்விடும். கப்பலுக்குத் தேவைப்படுவதோ அடிவானத்தை ஒட்டிய மெல்லிய பட்டை மட்டும்தான். திரியைப் பெரிதாக்கினால் எண்ணெய்ச் செலவுதான் ஏறும். வீணாகும் பங்கு அப்படியே இருக்கும். அந்த வீணாகும் ஒளியைத் திருப்பிக் கடலுக்கு அனுப்பியதே 19-ஆம் நூற்றாண்டின் சாதனை.

முதலில் கைகொடுத்தவை ஆடிகள். வெள்ளி பூசிய செம்புத் தகட்டைப் பரவளைய வடிவில் தட்டி, அதன் குவியத்தில் உள்ளீடற்ற வட்டத்திரி கொண்ட ஆர்கண்ட் விளக்கை வைத்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல்தூணில் 1844-இல் ஏற்றிய விளக்கு இந்த வகைதான். இதில் குறைகள் உண்டு. சுடரின் முன்பக்கத்து ஒளி ஆடியைத் தொடாமலே வெளியேறிவிடும். ஆடியில் பட்டதிலும் கணிசமான பங்கை உலோகம் விழுங்கிவிடும். புகைக்கரியை நாள்தோறும் துடைக்கத் துடைக்க வெள்ளிப் பூச்சும் தேயும். அதனால் பெரிய நிலையங்களில் இருபதுக்கும் மேற்பட்ட விளக்குகளை எரிக்க வேண்டியிருந்தது.

பிரான்சின் பொறியாளர் ஃபிரெனெல் கண்ணாடியின் பக்கம் திரும்பினார். ஆள் உயர வில்லையை ஒரே வார்ப்பாகச் செய்தால் நடுப்பகுதி மிகவும் தடித்துவிடும். எடை கூடும், ஒளியும் உள்ளேயே மங்கிப்போகும். ஆனால் ஒளி வளைவது கண்ணாடியின் பரப்பில் மட்டுமே. உள்ளே அது நேராகத்தான் போகிறது. ஆகவே பரப்பின் சாய்வை மட்டும் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள கண்ணாடியை நீக்கிவிடலாம். நடுவில் ஒரு சிறு வில்லை, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டகங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் வளைவைத் தனியாகக் கணக்கிட்டதால், சாதாரண வில்லையின் ஓரங்களில் வரும் பிழையும் குறைந்தது. 1823-இல் ஜிரோந்து ஆற்று முகத்திலுள்ள கோர்துவான் கலங்கரை விளக்கத்தில், இப்படிப்பட்ட 8 வில்லைப் பலகைகளைக் கொண்ட கருவி ஏறியது.

மிகவும் மேலே அல்லது கீழே செல்லும் கதிரை ஒளிவிலகலால் மட்டும் கிடைமட்டத்துக்குத் திருப்ப முடியாது. அங்கே உதவியது முழு அக எதிரொளிப்பு. கதிர் பட்டகத்தின் ஒரு முகத்தில் நுழைந்து, இரண்டாம் முகத்தில் முழுவதுமாகத் திரும்பி, மூன்றாம் முகத்தில் வெளியேறும். வெள்ளி ஆடியைவிட இதில் இழப்பு குறைவு. முதல் வரிசை என்று வகுக்கப்பட்ட பெரிய கருவிகளின் குவியத் தூரம் 920 மி.மீ.; கண்ணாடிக் கூடு மட்டுமே சுமார் 2.6 மீட்டர் உயரம்.

இவ்வளவு செய்தும் பொருத்துவதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். சுடரின் பிரகாசமான பகுதி குவியத்துக்கு 1 செ.மீ. கீழே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள வில்லை கற்றையை 0.6 பாகை மேலே தூக்கிவிடும். 15 கடல் மைல் தொலைவில் கற்றையின் மையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் போகும். எதிரொளிக்கும் பட்டகங்கள் இதற்கு நேர்மாறாகக் கற்றையைக் கீழே சாய்க்கும். ஆக ஒரே தவறு ஒளியை இரண்டாகப் பிளந்துவிடும். பிரிட்டனில் 1859 முதல் 1861 வரை கடல் விளக்குகளை ஆராய்ந்த அரசுக் குழுவின் பணியின்போது, பட்டகங்கள் சரியாகப் பொருத்தப்படாத கருவிகள் கண்டறியப்பட்டன. பிறகு, சுடர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணை வைத்து, ஒவ்வொரு பட்டகத்திலும் கடலின் அடிவானம் தெரிகிறதா என்று பார்த்துத் திருத்தும் முறை வந்தது. உள்ளிருந்து அடிவானம் தெரிந்தால் உள்ளிருக்கும் ஒளியும் அடிவானத்துக்குப் போகும். எளிமையும் நுட்பமும் சேர்ந்த அருமையான சோதனை இது.

முதல் வரிசை விளக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக 4 வட்டத்திரிகள் எரிந்தன. அந்தச் சூட்டில் எரிமுகப்பே கருகிவிடும் என்பதால், எரிவதைப் போலப் பல மடங்கு எண்ணெயைப் பம்பு மேலே தள்ளி, மிச்சத்தை வழியவிட்டுக் குளிர்வித்தது. திரியில் கரி படிந்தால் சுடர் சுருங்கும். நள்ளிரவிலும் காவலர் கத்தரித்தாக வேண்டும். பகலில் கண்ணாடி அறைக்குத் திரை போடுவதும் அவர் வேலை. மறந்தால் அதே வில்லை வெயிலைக் குவித்து விளக்கையே சேதப்படுத்தும்.

பிரகாசத்துக்கு இணையாக முக்கியமானது அடையாளம். இரண்டு விளக்குகள் ஒரே மாதிரி தெரிந்தால், மாலுமி ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கப்பலைத் திருப்பிப் பாறையில் மோதுவார். விளக்கே இல்லாததைவிட இது ஆபத்து. சிவப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள்; அது ஒளியின் பெரும்பங்கை விழுங்கியது. சுழற்சி மேலான வழி. 8 பலகைக் கருவி 8 நிமிடத்தில் ஒருமுறை சுற்றினால், நிமிடத்துக்கு ஒரு மின்னல் தெரியும். கோபுரத்தின் நடுவே இறங்கும் எடையால் ஓடிய கடிகாரப் பொறிதான் அதைச் சுழற்றியது. பொறி நின்றால் அடையாளமே மாறிவிடும்; சில திசைகளில் ஒளி அறவே தெரியாது. அப்போது காவலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை கையால் சுழற்றினார். 1890-களில் கருவியைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டதும் உராய்வு பெரிதும் குறைந்தது. சில நொடிகளுக்கு ஒரு மின்னல் என்பது சாத்தியமானது. பாதரச ஆவியைச் சுவாசித்த காவலர்கள் அதற்கு உடல்நலத்தை விலையாகக் கொடுத்தார்கள்.

கப்பலில் இருப்பவர் இந்த ஒளியைக் கொண்டு தூரத்தையும் கணக்கிட்டார். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால், தெரியும் தூரம் கடல் மைலில் கிடைக்கும். விளக்கு 50 மீட்டர் உயரம் என்றால் 14.7, பார்ப்பவரின் கண் 5 மீட்டர் உயரம் என்றால் 4.7, கூட்டினால் 19.4 கடல் மைல். விளக்கு அப்போதுதான் அடிவானத்தில் எழுந்ததா என்று அறிய, தளத்தில் குனிந்து பார்ப்பார்கள். மறைந்தால் கணக்கு சரி.

அருகில் வந்ததும் வேறு வழி. விளக்கு கப்பலின் முகப்பிலிருந்து 45 பாகையில் தெரியும்போது ஓடிய தூரத்தைக் குறிப்பார்கள். நேர் பக்கவாட்டில், 90 பாகையில், வரும்போது மறுபடி குறிப்பார்கள். இடையில் ஓடிய தூரமே விளக்கிலிருந்து கப்பல் விலகியிருக்கும் தூரம். இடையில் கப்பலின் திசை மாறக் கூடாது. நீரோட்டம் கப்பலைத் தள்ளினாலும் விடை தவறாகும்; எதிர் நீரோட்டமானால், கப்பல் கணக்கிட்டதைவிடப் பாறைக்கு அருகில் இருக்கும். எனவே ஈயக் குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழத்தை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே விடையை நம்பினார்கள்.