750 கிலோ என்பது உங்கள் காரின் கணக்கு இல்லை

செப்டம்பர் பிறந்தால் மெல்போர்னின் மேற்குப் பக்கத்தில், டார்னீட், ட்ருகனினா, விண்டம் வேல் போன்ற புதுக் குடியிருப்புகளில் எங்கு பார்த்தாலும் மண்வேலைதான். குளிர் விலகியதும், புதுவீட்டுச் சாவி வாங்கியவர்கள் முன்தோட்டம் போடக் கிளம்பிவிடுவார்கள். ஆள் வைத்தால் சொல்லும் விலையைக் கேட்டதும் "நாமே செய்துக்கலாமே" என்று தோன்றுவது இயல்பு. வாடகைக்கு ஒரு பாக்ஸ் டிரெயிலர் கிடைக்கிறது. வீட்டில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் நிற்கிறது, அதன் பின்னால் முந்தைய உரிமையாளர் போட்டுவிட்டுப் போன டோபாரும் (டிரெயிலரை மாட்டும் இரும்புச் சட்டம்) இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிகளைப் பார்த்தால் வேறென்ன வேண்டும் என்பது தெரியும். கருகிய கிளட்ச் வாடை, சூட்டில் பளபளத்துக் கெட்டியாகிப்போன பிரேக் பேட், அமுங்கிய பின் ஸ்பிரிங், பம்பருக்கு அடியில் டிரெயிலரின் இரும்பு இடித்த வடு. "அண்ணா, ரெண்டு நடைதான் போனேன், வெறும் மண்ணுதான்" என்பார்கள். அந்த மண்ணைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் டிரெயிலர் இழுக்கிற எல்லோருக்கும் தெரிந்த எண் 750. டிரெயிலரும் சுமையும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டாவிட்டால் டிரெயிலருக்குத் தனியாக பிரேக் வேண்டியதில்லை. வாடகைக்குக் கிடைக்கும் ஆறடிக்கு நாலடி டிரெயிலர்களில் பெரும்பாலானவை இந்த வகை. அதன் தகட்டிலும் 750 என்றே அடித்திருப்பார்கள். ஆனால் அது டிரெயிலரின் எல்லை. காருக்கு வேறு எல்லை உண்டு. உங்கள் காரின் கையேட்டைத் திறந்தால் இழுக்கும் திறனுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பிரேக் உள்ள டிரெயிலருக்கு, இன்னொன்று பிரேக் இல்லாததற்கு. முதல் எண் ஆயிரத்துச் சொச்சம் என்று கம்பீரமாக இருக்கும், விற்கிறவரும் அதைத்தான் சொல்வார். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண். பல சின்னக் கார்களில் அது 400, 450, 500 என்ற அளவில்தான் நிற்கும். சில ஹைபிரிட் கார்களுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது. டோபாரிலும் ஒரு தகடு இருக்கும், அதில் இன்னும் குறைந்த எண் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கார், டோபார், கப்ளிங் (டோபாரோடு சேரும் டிரெயிலரின் முன்பூட்டு), டயர் இவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் எல்லை. மற்றவை எவ்வளவு தாங்கும் என்பது அங்கே எடுபடாது.

450 கிலோ எல்லையுள்ள கார் என்றே வைத்துக்கொள்வோம். ஆறுக்கு நாலு டிரெயிலரின் வெற்று எடையே 200 முதல் 250 கிலோ. கூண்டு வைத்தது இன்னும் கூடும். ஆக, சுமைக்கு மிஞ்சுவது சுமார் 225 கிலோ. இப்போது டிரெயிலரின் தொட்டியைப் பாருங்கள்: 1.8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். கொள்ளளவு 0.65 கன மீட்டர். காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் சுமார் 1,600 கிலோ. விளிம்பு தட்ட நிரப்பினால் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். உங்களுக்கு அனுமதியுள்ள 225 கிலோ மணலை அதே தொட்டியில் பரப்பினால் ஆறு, ஏழு சென்டிமீட்டர் கனம்தான் வரும், நாலு விரல் அகலம். டிரெயிலரின் அடித்தகடு மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

மண், மணல் விற்கும் லேண்ட்ஸ்கேப் யார்டில் போய் "அரை மீட்டர் போடுங்க" என்று, அதாவது அரை கன மீட்டர், கேட்பது வழக்கம். கேட்க என்னவோ கொஞ்சமாகத்தான் தெரியும். மணலில் அது 800 கிலோ. பாப்கேட் என்ற குட்டி மண்ணள்ளும் வண்டியை ஓட்டுகிறவர் வண்டியைத் திருப்பி, வாளியைக் கவிழ்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. மழை பெய்த மறுநாள் என்றால் மணலும் மண்ணும் தண்ணீர் குடித்து இன்னும் கனத்திருக்கும். சுருட்டி வரும் புல்தரையும் அப்படித்தான், ஈரத்தோடு சதுர மீட்டருக்கு 20 கிலோ வரை போகும். 40 சென்டிமீட்டர் சதுரமுள்ள சிமென்ட் பேவர் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. அப்படிப் பதினைந்து பேவரை ஒரு மூலையில் அடுக்கினால் டிரெயிலர் காலியாகவே தெரியும், ஆனால் உங்கள் கணக்கு முடிந்துவிட்டது. செடிகளைச் சுற்றிப் பரப்பும் காய்ந்த மரப்பட்டை மல்ச் ஒன்றுதான் சின்னக் காருக்குத் தோதான சரக்கு. தொட்டி நிறையப் போட்டாலும் 200 கிலோவை ஒட்டித்தான் வரும், அதுவும் நனையாமல் இருந்தால். சந்தேகம் இருந்தால் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், குப்பை மாற்று நிலையங்கள் பலவற்றில் இருக்கிறது.

"ஆனா இழுக்குதே அண்ணா" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இழுக்கும். இன்றைய சின்ன எஞ்சினும் முதல் கியரில் 750 கிலோவை அசைத்துவிடும். நிறுத்துவதில்தான் வில்லங்கம். ஆட்களோடு 1,300 கிலோ இருக்கும் காருக்கு அளவாகப் போட்ட பிரேக்கை, பின்னால் உருண்டு வரும் இன்னொரு 750 கிலோவையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறீர்கள். டிரெயிலர் சக்கரங்களில் பிடிப்பதற்கு எதுவும் கிடையாது, அவை காரைத் தள்ளிக்கொண்டுதான் வரும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் உங்கள் நாலு சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும், டிரெயிலரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வேகத்தை 80-லிருந்து 100-க்கு ஏற்றினால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். டிரெயிலரோடு போகும்போது 80 என்பது என் கணக்கு. பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

அடுத்தது பாரத்தை எங்கே வைப்பது என்பது. ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும், முன்பாரம் ஆனால் கழுத்தை அழுத்தும். கொஞ்சம் முன்பாரமாகவே ஏற்றுவார்கள். ஒற்றை அச்சு டிரெயிலருக்கும் அதே நியாயம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு டோபால் மேல், அதாவது டோபார் நுனியில் இருக்கும் இரும்பு உருண்டையின் மேல், இறங்க வேண்டும். 450 கிலோவுக்கு 45 கிலோ. அதற்கும் காரில் ஓர் உச்ச எல்லை உண்டு, பல சின்னக் கார்களில் 50 கிலோவைச் சுற்றியே இருக்கும். அதனால் எல்லாவற்றையும் முன்னால் குவிப்பதும் தப்பு. பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரங்கள் லேசாகிவிடும். சின்னக் கார்களில் இழுப்பதும் திருப்புவதும் அந்த முன்சக்கரங்கள்தாம். ஈரமான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றுவது அதனால்தான். அளந்து பார்ப்பதும் சுலபம்: சமதரையில் டிரெயிலரைக் கழற்றி நிறுத்தி, குளியலறைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் கப்ளிங்கை இறக்கினால் எண் தெரிந்துவிடும்.

பின்பாரமாக ஏற்றினால் என்ன ஆகும் என்பதை வெஸ்ட் கேட் பாலத்தில் காற்றுள்ள நாளில் பார்க்கலாம். முதலில் டிரெயிலர் லேசாக இடமும் வலமும் அசையும். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பார். அவர் திருப்பும் நேரமும் டிரெயிலர் திரும்பும் நேரமும் ஒத்துப்போகாததால் ஆட்டம் கூடும். பிறகு பயத்தில் பிரேக்கை அழுத்துவார், அதோடு பின்னாலிருந்து வரும் பாரம் காரின் வாலைத் தள்ளிவிடும். அச்சுகளுக்கு இடையே தூரம் குறைந்த சின்னக் காரை அப்படித் திருப்பிப்போட டிரெயிலருக்கு அதிக நேரம் ஆகாது. ஆட்டம் தொடங்கினால் செய்ய வேண்டியது: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். வேகம் தானாக விழும், ஆட்டமும் அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்திச் சுமையை முன்னால் நகர்த்துங்கள். "மெதுவாப் போனா சரியாயிடும்" என்று அப்படியே தொடராதீர்கள். அடுத்த லாரி ஒன்று பக்கத்தில் கடந்தாலே மறுபடி தொடங்கிவிடும்.

பாலரட் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. பாக்கஸ் மார்ஷைத் தாண்டிய மேட்டில் ஏறும்போது எல்லோரும் எஞ்சின் சூட்டைப் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது அதே சரிவில் பிரேக் மேலேயே காலை வைத்திருப்பார்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) உள்ள காரில் 'டி'யை (D) விட்டு 'எஸ்' (S), 'எல்' (L) அல்லது 'பி' (B, பார்க்கிங்கின் P இல்லை) என்று இருப்பதற்கு மாற்றுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தினமும் சுமை இழுக்கிற சிவிடி வண்டிக்கு கியர் எண்ணெயைக் கையேடு சொல்லும் காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம்.

சொந்தமாகப் பழைய டிரெயிலர் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது டயரும், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங்கும். கொல்லையில் வெயிலில் கிடக்கும் டிரெயிலரின் டயர் தேய்வதற்கு முன்பே வெடிப்பு விட்டுவிடும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயர் வேண்டாம். பெயரிங்குக்கு, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். கரகரத்தால் கழற்ற வேண்டும். இருபது நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கம் புறங்கையைக் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அங்கே கிரீஸ் இல்லை. ஸ்பேர் சக்கரம் வாங்கப் போனால் கடையில் "ஹெச்.டி. ஹோல்டனா, ஃபோர்டா?" என்று கேட்பார்கள். ஹெச்.டி. (HT) ஹோல்டன் 1969-இல் வந்த கார். ஹோல்டன் இங்கே கார் செய்வதை 2017-இல் நிறுத்திவிட்டது. ஆனால் அந்தக் காரின் போல்ட் இடைவெளி மட்டும் இந்த நாட்டு டிரெயிலர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாட்டும்போது ஒரு சோதனையை விடவே கூடாது. கப்ளிங்கை 50 மில்லிமீட்டர் டோபாலின் மேல் இறக்கிப் பூட்டியபின், ஜாக்கி வீலை (டிரெயிலரின் முன்பக்கத்தைத் தாங்கும் குட்டிச் சக்கரம்) மறுபடி கீழே சுற்றுங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து மேலே எழும்ப வேண்டும். எழும்பாமல் கப்ளிங் மட்டும் தூக்கினால் அது பூட்டாமல் டோபாலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, முதல் ஸ்பீட் பம்ப்பில் கழன்றுவிடும். சங்கிலியை டி-ஷாக்கிளில் (D வடிவ இரும்பு வளையம்) மாட்டிப் பின்னை இறுக்குங்கள். இரண்டு சங்கிலி இருந்தால் கீழே குறுக்காகப் போடுங்கள், கப்ளிங் கழன்றாலும் முன்கம்பி ரோட்டில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். திரும்பும் அளவுக்குத் தளர்வு வேண்டும், தரையில் உரசக் கூடாது. ஹார்டுவேர் கடையின் அலங்காரச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எடை முத்திரை குத்தாத சங்கிலியும் ஷாக்கிளும் எனக்குச் சங்கிலியே இல்லை.

விளக்குகளைப் பார்க்க ஒரு ஆளைப் பின்னால் நிறுத்துங்கள். பிரேக்கை அழுத்தும்போது இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிந்தால் பல்பை மாற்றாதீர்கள், எர்த் ஒயர்தான் சரியாகப் பிடிக்கவில்லை.

பின்னோக்கி எடுப்பது பழக்கத்தில் வரும். நீளமான கேரவனைவிடக் குட்டி டிரெயிலர் சட்டென்று மடங்கும், ஹேட்ச்பேக்கின் பின்கண்ணாடியில் காலி டிரெயிலர் தெரியவும் தெரியாது. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வையுங்கள். டிரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. மடங்கினால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. காலியான கார் பார்க்கில் ஒரு ஞாயிறு காலை போதும்.

வீட்டில் புதிதாக லைசென்ஸ் எடுத்துச் சிவப்பு பி (P) பிளேட்டோடு ஓட்டும் பிள்ளை இருந்தால், நம் விக்டோரியா மாநிலத்தில் அவர்கள் சொந்த வேலைக்காகத் தனியாக டிரெயிலர் இழுக்கக் கூடாது. லேர்னர் கூடவே கூடாது. எல்லை மீறிய எடையோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பதே எடையைத்தான்.

என்னைக் கேட்டால், மணல், மண், ஜல்லி மூன்றையும் சின்னக் காரில் இழுக்கவே வேண்டாம். யார்டுக்காரரே சின்ன டிப்பரில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். டிரெயிலர் வாடகை, பல நடைக்கான பெட்ரோல், ஒரு செட் பிரேக் பேட் எல்லாம் கூட்டிப் பாருங்கள், டெலிவரிக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. மல்ச், வெட்டிய கிளைகள், பழைய சோபா இவற்றுக்கு டிரெயிலரை எடுங்கள், மேலே வலை போட்டு நாலு மூலையும் கட்டுங்கள். டிப்பர் வருகிற அன்று டிரைவ்வேயில் முன்கூட்டியே தார்ப்பாயை விரித்துவையுங்கள். நடைபாதைப் புல்வெளியில் கொட்டச் சொல்லாதீர்கள், அதற்குப் பல கவுன்சில்களில் அனுமதி வாங்க வேண்டும்.