வாட்டர்ஷெட்: கோடா, பரப்பா?

வாட்டர்ஷெட் என்ற சொல்லில் உள்ள 'ஷெட்' கொட்டகை அல்ல. பிரித்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது அது. ஸ்காட்லாந்துப் பேச்சில் தலைமுடியைப் பிரித்துச் சீவும் கோட்டுக்கும் இதே சொல்தான். ஜெர்மன் மொழியில் நீர் பிரியும் இடத்துக்கு 'வாஸர்ஷைட' என்ற பெயர் முன்பே இருந்தது. அதைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தார் வாட்டர்ஷெட்டை ஆக்கிக்கொண்டார்கள். ஆக, பிறப்பில் இது நீரைப் பிரிக்கும் ஒரு கோட்டின் பெயர்.

பிறகு அமெரிக்க வழக்கில் பொருள் நகர்ந்தது. கோடு வளைத்துக்கொண்ட நிலப்பரப்பு முழுவதையும் வாட்டர்ஷெட் என்றார்கள். நம் ஊர் மண்வளப் பாதுகாப்புத் திட்டங்களில் வரும் வாட்டர்ஷெட் இந்தப் பரப்புதான். பழைய எல்லை ஒப்பந்தங்களில் வருவதோ கோடு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் சட்ட வாசகம் குழம்பிவிடும். கோட்டை வைத்து நாட்டு எல்லை வகுக்கிறார்கள். பரப்பை வைத்துத் தண்ணீரில் பங்கு பேசுகிறார்கள்.

நீலகிரியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முக்கூர்த்தி மலையின் கிழக்கே விழும் மழை பைக்காரா, மாயாறு, பவானிசாகர் வழியாகக் காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போகிறது. மேற்கே செங்குத்தாக இறங்கும் நீர் நிலம்பூர்ப் பக்கம் விழுந்து, சாலியாற்றோடு பேப்பூரில் அரபிக் கடலைச் சேர்கிறது. கிழக்கே சீகூர் ஹள்ளா, மேற்கே புன்னம்புழை என்று ஓடைகளின் பெயர் விகுதிகூட மாறிப்போகும்.

இனி தொட்டபெட்டாவைப் பாருங்கள். 2,637 மீட்டர், மாவட்டத்திலேயே உயரமான சிகரம். கடலுக்குக் கடல் நீரைப் பிரிக்கும் கோடு அதன் மேல் போகவில்லை. ஊட்டிப் பக்கம் இறங்கும் நீர் மாயாற்றுக்கும், குன்னூர்ப் பக்கம் இறங்குவது பவானிக்கும் போனாலும் இரண்டும் பவானிசாகரில் சேர்ந்துவிடுகின்றன. உண்மையான பிரிகோடு மேற்கு விளிம்பில், தொட்டபெட்டாவைவிடத் தாழ்ந்த முகடுகளில் ஓடுகிறது.

மிக உயர்ந்த இடமே நீர் பிரியும் இடம் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஆண்டீஸ் மலையில் நடந்தது இதுதான். 1881இல் அர்ஜென்டினாவும் சிலியும் செய்துகொண்ட ஒப்பந்தம், நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த முகடுகளை எல்லையாக வைத்தது. படகோனியாவில் உயர்ந்த முகடுகள் ஓரிடத்திலும் நீர் பிரியும் கோடு வேறிடத்திலும் இருந்தன. ஒரு நாடு முகட்டைப் பிடித்துக்கொண்டது, மற்றது நீரை. கடைசியில் 1902இல் பிரிட்டிஷ் மன்னரின் நடுவர் தீர்ப்பு இரண்டுக்கும் இடையில் எல்லை போட்டது.

இன்னொரு வழக்கு ஒரு சிவன் கோவிலைப் பற்றியது. தாங்ரெக் மலைமுகட்டில் இருக்கும் பிரெயா விஹார். சயாமும் (இன்றைய தாய்லாந்து) அப்போது கம்போடியாவை ஆண்ட பிரான்சும் 1904இல் செய்த ஒப்பந்தப்படி அங்கே நீர் பிரியும் கோடே எல்லை. பிறகு பாரிஸில் அச்சான வரைபடம் கோவிலைக் கம்போடியப் பக்கம் காட்டியது. கோடு தவறு, உண்மையான நீர்ப்பிரிவுப்படி கோவில் எங்களுக்கே என்று தாய்லாந்து பின்னாளில் வாதாடியது. 1962 ஜூன் 15 அன்று சர்வதேச நீதிமன்றம் 9க்கு 3 என்ற கணக்கில் கம்போடியாவுக்குத் தீர்ப்பளித்தது. வரைபடத்தை இத்தனை ஆண்டு மறுக்காமல் ஏற்றுக்கொண்ட பிறகு, நீர் உண்மையில் எங்கே பிரிகிறது என்று ஆராயவே தேவையில்லை என்பது அதன் முடிவு. நிலத்தில் இருக்கும் கோட்டைத் தாளில் இருக்கும் கோடு வென்றுவிட்டது.

நீர் பிரியும் கோட்டை வரையும் முறை இது. 1:50,000 நிலவரைபடத்தை எடுத்து, ஓடையில் ஒரு வெளியேறுமிடத்தை முதலில் குறிக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் மேட்டை நோக்கிக் கூராக வளைந்தால் அது ஓடை; பள்ளத்தை நோக்கி வளைந்தால் முகட்டுச் சரிவு. வெளியேறுமிடத்திலிருந்து இரு பக்கமும் மேலேறி, சமவுயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டி, சிகரங்களையும் கணவாய்களையும் தொட்டு இணைக்க வேண்டும். வெளியேறுமிடத்தைத் தவிர வேறெங்கும் இந்தக் கோடு ஓடையைக் கடக்கவே கூடாது. கடந்தால் எங்கோ பிழை.

பென்சில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் தரையில் 50 மீட்டர் மாறிவிடும். சமவுயர இடைவெளி 20 மீட்டர் என்றால் அதற்கும் குறைவான மேடு வரைபடத்தில் தெரியாமலே போகலாம். சோலைகளுக்கு நடுவே உள்ள சதுப்புக் கணவாய்களில் நீர் இரண்டு பக்கமும் கசியும். அங்கே நேரில் போய்ப் பார்க்காமல் கோடு போடுவது சரியல்ல. சாலையோர வடிகாலும் சிறுபாலமும் மழைநீரை மறுபக்கம் தள்ளிவிடும். நிலத்தடி நீர் மேலே உள்ள முகட்டை மதித்துத்தான் ஓடும் என்பதும் இல்லை.

இனி பரப்புக்கு வருவோம். பன்னாட்டு ஆறுகளைப் பற்றிய 1966ஆம் ஆண்டு ஹெல்சின்கி விதிகள் முழு வடிநிலத்தையே, அதாவது ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் பரப்பு முழுவதையுமே, அலகாகக் கொண்டன. 1997இல் ஐ.நா. நிறைவேற்றிய உடன்படிக்கை 'வடிநிலம்' என்பதை விட்டுவிட்டு 'நீரோட்டம்' என்றது. நிலத்தின் மேலுள்ள அதிகாரத்தைத் தொடுவதாகப் பல நாடுகள் தயங்கியதே காரணம். அந்த உடன்படிக்கை 2014இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1997 வாக்கெடுப்பில் இந்தியா ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் நடுநிலை வகித்தது. காவிரி பன்னாட்டு ஆறு அல்ல என்றாலும் நம் வழக்கில் ஹெல்சின்கி விதிகள் எடுத்தாளப்பட்டன. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்குக் கிடைத்த 30 டிஎம்சியில் கபினி 21, பவானி 6, பாம்பாறு 3. காவிரியின் முதன்மை ஓட்டம் கேரளத்துக்குள் போவதே இல்லை; வடிநிலத்தின் ஒரு பகுதி அங்கே இருப்பதால் வந்த பங்கு அது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு – புன்னம்புழை நீரை மாயாற்றுக்குத் திருப்புவது பற்றிய பேச்சில் கேரளத்தின் ஒப்புதல் தேவைப்படுவதற்கும் காரணம், அந்த நீர் கோட்டுக்கு அந்தப் பக்கத்தது என்பதே.

தமிழ்ச் சொற்கள். பரப்புக்கு அரசு வழக்கில் உள்ள 'நீர்வடிப்பகுதி' நல்ல சொல். சோறு வடிக்கிற அதே வடி. நீர் எங்கே வடிகிறது என்று சொல்லிவிடுகிறது. 'நீர்ப்பிடிப்புப் பகுதி' அணைக்கு நீர் தரும் பரப்பைச் சொல்லும்போது பொருந்தும். பேராற்றுக்கு 'வடிநிலம்'. 'படுகை' என்றால் ஆற்றங்கரை வண்டல் நிலமும் ஆகும் என்பதால் சட்ட வாசகத்தில் தவிர்ப்பேன். கோட்டுக்கு 'நீர்பிரிமேடு' சொல்லலாம். ஆனால் மேடு என்றாலே அகலம் உண்டு, எல்லைக்கு அது ஆகாது. 'நீர்வகிடு' என்பதே என் தேர்வு. வகு, வகிர் என்ற பிரித்தலின் குடும்பத்தில் வந்தது வகிடு; ஸ்காட்லாந்துக்காரரின் ஷெட்டும் வகிடுதானே. ஹெல்சின்கி விதிகளின் இரண்டாம் பிரிவை இப்படித் தமிழில் வைக்கலாம்: பன்னாட்டு வடிநிலம் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளில் பரந்து, நீர்வகிடுகளால் எல்லை வகுக்கப்பட்டு, மேற்பரப்பு நீரும் நிலத்தடி நீரும் பொதுவான ஒரு முடிவிடத்துக்கு ஓடும் நிலப்பரப்பு.