மாடியில் வைக்கிற கடலையை ஒருமுறை பிளந்து பாருங்கள்

ஐப்பசி மழை நேரத்தில் ஒரு அம்மா செருப்பு டப்பாவுக்குள் பச்சைக்கிளி ஒன்றைப் போட்டு என் கிளினிக்குக்கு எடுத்து வந்தார். இறகெல்லாம் சிலிர்த்து, கண் பாதி மூடி, வாலடியில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தது. "தினமும் நம்ம மாடிக்கு வர்ற கிளிதான் டாக்டர், நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்றார். அன்று சாயங்காலமே இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் வீங்கி, வெளிறிய மஞ்சளாக இருந்தது.

வழக்கமாக வைக்கிற வேர்க்கடலையைக் கொண்டு வரச் சொன்னேன். பார்வைக்குக் குறையே தெரியவில்லை. ஒன்றை நகத்தால் பிளந்தேன், இரண்டு பருப்புக்கும் நடுவில் சாம்பல் பச்சையாகப் பூசணம். சட்னிக்கு ஆகாது, வாடை வருகிறது என்று அவர் ஒதுக்கி வைத்த கடலை அது. ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்யவில்லை, ஆனால் என் சந்தேகம் முழுக்க அதன்மேல்தான்.

ஈரத்தில் கிடந்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளர்கிற ஒரு வகைப் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்து, பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு வந்த கடலைப் பிண்ணாக்கைத் தோண்டித் துருவியபோதுதான் இந்த நஞ்சே வெளியில் தெரிந்தது. வறுத்தாலும் வெயிலில் காயப்போட்டாலும் அது முழுதாகப் போகாது. அதனால், தயவுசெய்து, நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பறவைக்கு வைக்காதீர்கள்.

உப்பும் அப்படித்தான். சிட்டுக்குருவி முப்பது கிராம் தேறினால் பெரிது, அதற்கு மீந்த மிக்சரும் அப்பளமும் சாம்பார் சாதமும் எவ்வளவு உப்பு என்று யோசியுங்கள். பாலும் வேண்டாம், பறவைகளுக்குச் செரிக்காது.

சரி, என்னதான் வைப்பது? குருவிக்கும் புறாவுக்கும் கம்பு, தினை, குருணை. காகத்துக்கு உப்பு போடாத வெறும் சோறு, அதில் கொஞ்சம் பருப்பு சேர்ந்தால் இன்னும் நல்லது. கொண்டைக்குருவிக்குப் பழுத்த பப்பாளித் துண்டு. என் வீட்டில் மைனாக்களுக்காக ஒரு முட்டையை நன்றாக வேகவைத்து மசித்து, இரண்டு கரண்டி கம்பு மாவும் துருவிய கேரட்டும் சேர்த்துப் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி வைக்கிறேன், கால் மணி நேரத்தில் தட்டு காலி. இணையத்தில் காட்டுகிற கொழுப்பு உருண்டைகள் பனி கொட்டுகிற நாடுகளுக்கானவை, நம் சித்திரை வெயிலில் உருகி இறகில் ஒட்டும், சீக்கிரமே கெட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும்.

காலையில் ஒரு கைப்பிடி போதும். மதியத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி எலி வரும். மண்சட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றி, சட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். நோயுள்ள ஒரு புறா வாய் வைத்த தண்ணீரிலிருந்து தொண்டைப் புண் கிருமி அடுத்த பறவைக்குப் போகும். பிரிட்டனில் 2005-க்குப் பிறகு கிரீன்ஃபின்ச் என்ற பச்சை நிறக் குருவிகள் கூட்டம் கூட்டமாக அழிந்தது இதே கிருமியால்தான், தீனி வைக்கிற இடங்களிலும் அது பரவியது.

இன்னொன்று, குருவி தன் குஞ்சுக்குத் தானியத்தைவிடப் புழுவைத்தான் அதிகம் ஊட்டும். மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடியில் பூச்சிமருந்து அடித்துவிட்டுப் பக்கத்திலேயே தினை தூவிப் பயனில்லை.

சுருண்டு விழுந்த பறவையைப் பார்த்தால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டாக வைத்து, கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொண்டு போங்கள். வரும்போது நீங்கள் வைத்த தீனியில் ஒரு பிடியும் எடுத்து வாருங்கள்.