சொல் விளக்கம்: வெட்டுத் தீர்மானம்

பட்ஜெட் கூட்டத்தொடர் நடக்கும் மார்ச் மாதத்தில் “பாதுகாப்புத் துறை மானியக் கோரிக்கை மீது வெட்டுத் தீர்மானம்” என்றொரு தலைப்பு நாளிதழில் வந்தால், நீலகிரியில் ராணுவப் பாசறை உள்ள வெலிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள அருவங்காடு பக்கத்து டீக்கடையில் “பென்ஷன்ல கை வைக்கிறாங்களா?” என்ற கேள்விதான் முதலில் எழும். யாரும் கை வைக்கவில்லை. தலைப்பில் உள்ள மானியம், வெட்டு, தீர்மானம் என்ற மூன்று சொற்களும் சேர்ந்து செய்யும் குழப்பம் அது.

அரசு ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு பணம் வேண்டும் என்று மக்களவையில் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. அரசியல் சட்டத்தின் 113ஆம் பிரிவின்படி மக்களவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்துக் கொடுக்கலாம், கூட்ட முடியாது. குறைக்கச் சொல்லி உறுப்பினர் கொண்டுவருவதே வெட்டுத் தீர்மானம். மக்களவை நடைமுறை விதி 209 இதை மூன்றாகப் பிரிக்கிறது. கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொன்னால் அது கொள்கை மறுப்பு வெட்டு. குறிப்பிட்ட ஒரு தொகையைக் கழிக்கச் சொன்னால் சிக்கன வெட்டு. 100 ரூபாய் மட்டும் குறைக்கச் சொன்னால் அடையாள வெட்டு. ஒரு குறையைச் சபையில் பேச இடம் பிடிப்பதற்கு அந்த நூறு ரூபாய். 2025-26இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் நூறு ரூபாய் போனால் குன்னூர் சந்தையில் ஒரு கட்டு கீரைகூட விலை மாறாது.

கொண்டுவருவதிலும் கட்டுப்பாடு உண்டு. ஒரு தீர்மானம் ஒரே கோரிக்கையை, அதிலும் ஒரே விஷயத்தைத் தொட வேண்டும். வாசகத்தில் வாதம் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக் கூடாது. விவாதத்துக்கு ஒரு நாள் முன்பே அறிவிப்புத் தராவிட்டால் எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்கலாம். பாதுகாப்புக்கு 19 முதல் 22 வரை நான்கு கோரிக்கைகள். வெலிங்டன் ஸ்ரீநாகேஷ் பாசறை வீரரின் சம்பளம் 20இல், தளவாடக் கொள்முதல் போன்ற மூலதனச் செலவு 21இல், முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் 22இல். ஓய்வூதியக் குறையைப் பேச நினைத்து 20இன் மேல் தீர்மானம் கொடுத்தால் குறி தவறிவிடும். இத்தனையும் சரியாக இருந்தாலும் கில்லட்டின் இருக்கிறது: குறித்த நாள் முடிந்ததும் மிச்சமுள்ள கோரிக்கைகள் மொத்தமாக வாக்குக்கு விடப்படும், விவாதம் கிடையாது. 2023 மார்ச்சில் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் அப்படித்தான் நிறைவேறின. தப்பிப் பிழைத்த வெட்டுத் தீர்மானங்களும் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் ஒன்றாகவே விழும். ஒன்று தப்பித்தவறி நிறைவேறிவிட்டால் அரசு பெரும்பான்மையை இழந்ததாகவே பொருள். ஆளுங்கட்சிக் கொறடா இதற்கு ஓடியாடி ஆள் சேர்ப்பது அந்த நூறு ரூபாய்க்காக அல்ல.

இனி சொற்கள். ‘மானியம்’ வடமொழி ‘மான்ய’ வழி வந்தது. முன்பு வரியில்லாமல் விடப்பட்ட நிலத்தைக் குறித்தது (கோயில் மானியம், சர்வ மானியம்). இன்று காஸ் சிலிண்டர் மானியம், உர மானியம் என்று சலுகைப் பணமாகிவிட்டது. ராணுவத்துக்கு எதற்கு மானியம் என்று ஒருவர் கேட்டால் தவறு அவருடையது அல்ல. ‘நிதிக் கோரிக்கை’ என்றால் தீர்ந்தது. ‘தீர்மானம்’ இன்னும் மோசம்: தீர்த்து முடித்ததற்கான சொல்லை, இன்னும் வாக்கெடுப்பே நடக்காத ஒன்றுக்கு வைத்திருக்கிறோம். இலங்கைத் தமிழில் இதற்குப் ‘பிரேரணை’ என்பார்கள். அது முடிவு அல்ல, முன்வைப்பு என்பது அவர்களுக்குத் தெளிவு. ‘வெட்டு’ நல்ல தமிழ்ச்சொல், ஆனால் இடம் பொருந்தவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியைக் குறைத்து விடுவது கவாத்து; அடியோடு சாய்ப்பதுதான் வெட்டு. (பாசறை மைதானத்தில் வீரர்கள் செய்வதும் கவாத்துதான். அந்தப் பொருள் அரபியின் ‘கவாயித்’, அதாவது ‘விதிகள்’, வழியாக வந்தது.) நூறு ரூபாய் கழிக்கக் கேட்பதை ‘வெட்டு’ என்றால் மலைக்காரர் காதில் மரம் விழும். ‘குறைப்பு முன்மொழிவு’ என்பதே பொருந்தும். கில்லட்டினுக்கு ‘ஒட்டுமொத்த வாக்கெடுப்பு’ போதும். பிரெஞ்சுத் தலைவெட்டு இயந்திரத்தை ஊட்டிக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டாம்.

பாதுகாப்புச் செலவு உண்மையிலேயே குறைந்ததா என்று பார்க்க வேண்டிய இடம் வேறு. அதன் பெயர் ‘திருத்திய மதிப்பீடு’: பட்ஜெட்டில் போட்ட கணக்கை அதே நிதியாண்டுக்குள் அரசு திருத்திச் சொல்வது. 2024-25இல் படைகளின் மூலதனச் செலவுக்கு பட்ஜெட்டில் 1.72 லட்சம் கோடி. திருத்திய மதிப்பீட்டில் 1.595 லட்சம் கோடி. 12,500 கோடி குறைந்தது, குறைப்பு முன்மொழிவு எதுவும் நிறைவேறாமலே. அடுத்த ஆண்டு பட்ஜெட் ஆவணத்தில் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருக்கும்.

அருவங்காட்டுக்காரர்கள் இன்னொரு பத்தியையும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் அங்குள்ள கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. படைகள் ஆர்டர் கொடுத்தால்தான் வேலை. வெடிமருந்து வாங்கும் பணம் மூலதனச் செலவில் வராது, 20ஆம் கோரிக்கையின் வருவாய்ச் செலவில்தான் (சம்பளம் போன்ற அன்றாடச் செலவு) வரும்.