ஓங்கினான் என்று சொன்னால் ஓங்கினான் என்றே எழுதுங்கள்

போன மாதம் ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்திலிருந்து பெரியவர் ஒருவர் என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். வழித் தகராறு. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிடுகிறேன்.

"நான் மலையாளிங்க, காபித் தோட்டத்துல கூலி வேலை" என்று ஆரம்பித்தார். என் ஜூனியர் அவர் பேச்சைப் போனில் பதிவு செய்து, ஒரு ஏஐ செயலியில் போட்டு, புகார் மனுவாக எழுதித் தரச் சொன்னான். அரை நிமிடத்தில் வந்துவிட்டது. ஒற்றுப்பிழைகூட இல்லை. முதல் வரி: "நான் கேரள மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவன்."

சேலத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் பட்டியல் பழங்குடி. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அந்த வரி எஃப்.ஐ.ஆரில் ஏறியிருந்தால்? எதிராளி சாதியைச் சொல்லித் திட்டியிருக்கிறான். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதே அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

அடுத்தது இன்னும் நுணுக்கம். பெரியவர் சொன்னது "கையை ஓங்கினான்". செயலி எழுதியது "கையால் தாக்கினார்". ஓங்கினால் ஒரு பிரிவு, அடித்தால் வேறு பிரிவு. காயச் சான்றிதழ் எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால், உண்மையைச் சொன்ன மனிதர் கூண்டில் பொய்யராக நிற்பார்.

அமெரிக்காவில் இது ஏற்கெனவே ஸ்டேஷனுக்குள் போய்விட்டது. ஆக்ஸான் நிறுவனம் 2024இல் கொண்டுவந்த டிராஃப்ட் ஒன், போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருக்கும் கேமராவில் பதிவான பேச்சை வைத்து அறிக்கையின் வரைவை எழுதித் தரும். யூட்டா மாநிலத்தில் இப்படிச் சோதனைக்கு எடுத்த ஒரு மென்பொருள், பின்னணியில் ஓடிய சினிமா வசனத்தையும் சேர்த்துக்கொண்டு, போலீஸ் அதிகாரி தவளையாக மாறிவிட்டார் என்று எழுதிவைத்தது. தவளை யார் கண்ணிலும் படும். 'ஓங்கினான்' 'தாக்கினார்' ஆனது படாது.

அதே யூட்டா, ஏஐ எழுதியது என்ற குறிப்பும் சரிபார்த்தேன் என்ற அதிகாரியின் உறுதிமொழியும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்று 2025இல் சட்டம் போட்டது. கலிபோர்னியா அந்த ஆண்டே எஸ்.பி. 524 (செனட் மசோதா 524) என்ற சட்டத்தில் இன்னொரு படி மேலே போய், ஏஐ கொடுத்த முதல் வரைவையும் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னது. என் கணக்கில் உயிரான விதி இதுதான்.

காரணம், நம் ஊர்க் குறுக்கு விசாரணை. எஃப்.ஐ.ஆரையாவது புகார்தாரருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 173ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் இன்னும் பழக்கத்தில் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து '161 ஸ்டேட்மென்ட்' என்று சொல்லும் சாட்சி வாக்குமூலத்துக்கு (இப்போது பிரிவு 180) அந்தக் காப்பும் இல்லை. சாட்சி அதில் கையெழுத்தே போடக்கூடாது என்கிறது 181. ஆனால் "போலீஸில் இப்படிச் சொல்லவில்லையே" என்று சாட்சியை மடக்குவது அதை வைத்துத்தான். மடக்கியபின் விசாரணை அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, இவர் சொன்னதைத்தான் எழுதினீர்களா என்று கேட்போம். எழுதியது மென்பொருள் என்றால் அவர் என்ன பதில் சொல்வார்? முதல் வரைவும் ஒலிப்பதிவும் இருந்தால்தான் அந்தச் சொல் யாருடையது என்று தெரியும். வாக்குமூலத்தை ஒலி, ஒளியாகப் பதிவு செய்ய 180 இடம் கொடுக்கிறது. ஏஐ தொட்ட வாக்குமூலத்துக்கு அதைக் கட்டாயமாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்டேஷன் ரைட்டர்களும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு சாட்சிக்கும் ஒரே வாக்குமூலம், பெயர் மட்டும் வேறு, எத்தனை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நகல் வேலை பார்த்தவுடன் பிடிபடும். ஏஐ நாலு சாட்சிக்கும் நாலு நடையில் எழுதிக் கொடுத்துவிடும்.

ஆகவே புகார் கொடுக்கப் போகிறவர்கள், "படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்கத் தயங்காதீர்கள். எஃப்.ஐ.ஆர் நகலும் இலவசம்தான்.

பெரியவருக்கு நானே கையால் எழுதிப் படித்துக் காட்டினேன். 'ஓங்கினான்' வந்தபோது தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் படித்ததும் என்னை நிறுத்தினார்.

"சாயங்காலம்னு எழுதிட்டீங்க. நான் சொன்னது மத்தியானமுங்க."

அடித்துத் திருத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.