சவ்வு வினைக்கலன்: சொல்லும் பொருளும்

வேதிவினை நடக்கும் கலனுக்குள்ளேயே விளைபொருளைப் பிரித்தெடுக்கும் கருவியை 'மெம்பரேன் ரியாக்டர்' என்கிறார்கள். தூய ஹைட்ரஜன் தயாரிப்பைப் பற்றிப் படிப்பவர்கள் இச்சொல்லைத் தாண்டிப் போக முடியாது. இதைத் தமிழில் 'சவ்வு வினைக்கலன்' என்று எழுதலாம்.

'மெம்பரேன்' என்பதன் மூலம் 'மெம்ப்ரானா' என்ற லத்தீன் சொல். உறுப்பைப் போர்த்திய தோல், எழுதப் பதப்படுத்திய தோல் என்று இரு பொருளிலும் அது வழங்கியது. உறுப்பைக் குறிக்கும் 'மெம்ப்ரும்' அதன் வேர்.

தமிழில் இதற்கு 'மென்படலம்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படலம் என்பது ஒன்றன்மேல் படிந்து பரவியிருப்பது: புகைப்படலம், எண்ணெய்ப் படலம். 'தின் ஃபிலிம்' என்பதையும் மென்படலம் என்றே சொல்வதால் குழப்பம் கூடுகிறது. சவ்வு அப்படியல்ல. பள்ளியில் சவ்வூடு பரவல் படித்தவர்களுக்கு, சிலவற்றை விட்டு மற்றவற்றைத் தடுக்கும் தடுப்பு என்ற பொருள் அச்சொல்லிலேயே கிடைத்துவிடும்.

'ரியாக்டர்' என்பதற்கு 'உலை' உண்டே என்று கேட்கலாம். அணு உலை வழக்கில் ஊன்றிய சொல்தான். ஆனால் உலை என்றால் நெருப்பும் கொதிப்பும் முன்னால் வந்து நிற்கும். இங்கே சவ்வைச் சேர்ப்பதன் பெரும்பயனே வெப்பத்தைக் குறைப்பதுதான்.

அது எப்படி? மீத்தேனும் நீராவியும் நிக்கல் வினையூக்கியின் மேல் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் தருகின்றன. இது வெப்பங்கொள் வினை, மீள்வினையும்கூட. அதனால் வழக்கமான ஆலைகளில் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி வினையை முன்னே தள்ளுகிறார்கள். சவ்வு வினைக்கலனில் ஹைட்ரஜன் உருவாக உருவாக வெளியேறிவிடுகிறது. விளைபொருளை நீக்கினால் அதை ஈடுசெய்யும் பக்கம் வினை நகரும் என்பது லீ சாட்லியர் தத்துவம்; அதன்படி சமநிலை விளைபொருள் பக்கம் நகர்கிறது. 500 முதல் 600 டிகிரியிலேயே வேலை நடக்கிறது.

சவ்வு என்றதும் நுண்துளைகளை எண்ணிக்கொள்ள வேண்டாம். ஹைட்ரஜனுக்குப் பெரிதும் பயன்படும் பல்லேடியச் சவ்வில் துளையே இல்லை. அந்த உலோகம் தன் பருமனைப்போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உள்வாங்கும் என்பதை 1866இல் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் கண்டறிந்தார். ஹைட்ரஜன் மூலக்கூறு அதன் மேற்பரப்பில் அணுக்களாகப் பிளந்து, உலோகத்தில் கரைந்து, ஊடுருவி, மறுபுறம் மீண்டும் இணைகிறது. மற்ற வாயுக்களுக்கு அந்த வழி இல்லை. இத்தனை தூய்மை தேவையா என்றால், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் வாகன எரிபொருள் மின்கலங்களுக்கான ஐஎஸ்ஓ 14687 தரம் பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடை அனுமதிப்பதில்லை.

தூய பல்லேடியம் ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கீழே ஹைட்ரஜனால் வீங்கிச் சுருங்கி விரிசல் விடும். அதனால் சுமார் 23 விழுக்காடு வெள்ளி சேர்க்கிறார்கள். கந்தகம் பல்லேடியத்துக்கு நஞ்சு. விலை கருதி, நுண்துளைப் பீங்கான் குழாயின்மேல் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்கு மட்டும் அதைப் பூசுவதும் உண்டு. அந்தப் பூச்சைப் படலம் என்றே சொல்லலாம். குழாயும் பூச்சும் சேர்ந்த தடுப்புதான் சவ்வு.

துணைச்சொல் இரண்டும் வேண்டும். சவ்வைக் கடந்து வரும் ஹைட்ரஜனை 'ஊடுவளி' எனலாம். கடக்காமல் நிற்பது 'எஞ்சுவளி'. கார்பன் மோனாக்சைடு நீராவியோடு மேலும் வினைபுரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு அதில் செறிந்து, அழுத்தம் குறையாமல் வெளிவருவதால் அதிலிருந்து கார்பனைப் பிடித்துவைப்பது எளிது.